கவிழ்த்து வைத்த போன்

தையல்காரம்மா தன் மகளின் போனைக் காவல் நிலைய மேசைமேல் வைத்ததும், அங்கிருந்த பெண் காவலர் அதைக் குப்புறக் கவிழ்த்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு ஆண் காவலர்களிடம், "கீழ டீ வந்தாச்சாம், சூடா குடிச்சிட்டு வாங்களேன்" என்றாள். கீழே எந்த டீயும் வந்திருக்கவில்லை.

அந்தப் பெண் காவலரை எல்லாரும் கண்ணாடி என்பார்கள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுவாள்.

"தலையில வச்சிக்கிட்டே தேடுற. திருடனை எங்க கண்டுபிடிக்கப் போற?" என்று அதிகாரி சீண்டுவார்.

"அவன் என் தலையில ஏறி உக்கார மாட்டான் சார்."

கணினிக் குற்றங்களைத் துப்பறியும் வேலைக்கு அவள் புதிது. பயிற்சியில் முதல் பாடமே, சாட்சியமாக வந்த போனில் கை வைக்கக் கூடாது என்பதுதான். அப்படியே நகல் எடுத்து, நகலில்தான் தேட வேண்டும்.

தையல்காரம்மாவின் மகளோடு பழகிய ஒருவன் அவளுடைய படங்களை வைத்து மிரட்டிக்கொண்டிருந்தான். அவன் அனுப்பிய படங்களும் மிரட்டலும் அந்தப் போனில் இருந்தன. நாளைக்குத்தான் நகல் எடுப்பார்கள் என்றதும் தையல்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் அழிச்சிடும்மா. அதுல முகம் தெரியுது. கோர்ட்டுல நாலு பேர் பார்த்தா எம்பொண்ணு உசுரோட இருக்க மாட்டா."

"கூடாதுக்கா. தொட்டா கேஸே கெட்டுடும்."

"உன் வயித்துல ஒரு பொண்ணு பிறந்திருந்தா இப்படிச் சொல்லுவியா?"

கண்ணாடி போனை நிமிர்த்தினாள். படம் போனது. சாமியே அனுப்பிய ஆள் என்று தையல்காரம்மா அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அழித்தது முழுசாக அழிவதில்லை என்ற பாடம் பயிற்சியில் இன்னும் வந்திருக்கவில்லை. மறுநாள் நகலில் அந்தப் படத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அழித்த நேரமும் கூடவே வந்தது. அந்த நேரத்தில் போன் இருந்தது காவலர் கையில்.

கோர்ட்டில் மிரட்டியவனின் வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஒரு படத்தை அழிச்சவங்க, பத்து மெசேஜை உள்ள போட்டிருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

நீதிபதி கூண்டில் நின்ற கண்ணாடியைப் பார்த்தார். "யார் சொல்லி இதைச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. என் புத்திதான்."

தையல்காரம்மா கடைசி பெஞ்சில் இருந்தாள். நான்தான் கெஞ்சினேன் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். எந்தப் படம், ஏன் என்று கேட்பார்களே! முந்தானையைச் சுருட்டியபடி குனிந்தே இருந்தாள்.

போனைச் சாட்சியமாக ஏற்கவில்லை. மிரட்டியவன் கையை வீசிக்கொண்டு வெளியே போனான். கண்ணாடியைப் பிரிவிலிருந்து நீக்கி நிலைய வாசல் காவலுக்குப் போட்டார்கள்.

அந்த வாசலைக் கடக்கக் கூசி, தையல்காரம்மா துணிக்கட்டோடு அடுத்த தெருவைச் சுற்றிப் போனாள். சாமி கும்பிடக் கண்ணை மூடினால், கூண்டில் நின்ற கண்ணாடியின் முகம்தான் முன்னால் வரும். கண்ணாடிக்கு வெளியூர் மாற்றல் என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஒரு வழியாக அவள் முன்னால் போய் நின்றாள்.

"நான் வாயைத் திறந்திருக்கணும் தாயே. என்னைத் திட்டிடு."

கண்ணாடி தலையைத் தடவி, மூக்குக்கண்ணாடியை இறக்கித் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு எப்படிக்கா இருக்கா?"

"போனைத் தூக்கிக்கிட்டு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால போயிடுறா."

"அவளுக்கு ஒரு புது போன் வாங்கிக் குடுங்க. நல்லா சிரிச்சு ஒரு படம் எடுத்துக்கச் சொல்லுங்க. அதை யார் கேட்டாலும் அழிச்சிடாதீங்க, நான் கேட்டாலும்."