மணிக்கு இரண்டணா தேடி மேகமலைக்கு

மதுரை ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இஞ்சின் பிட்டருக்கா வேலை கிடைக்காது என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்ததில் மூன்று மாதம் ஓடிவிட்டது. மாமனார் வந்தார். "நெலையான வேல கெடச்சதும் கூட்டிக்கிருங்க மாப்ள" என்று சொல்லி, என் மனைவி செல்லம்மாவை உத்தமபாளையம் பக்கத்திலுள்ள தம் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். அதனால்தான் மாசி மாதத்தில் இந்தப் பயணம். வேலை தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

மதுரையில் காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் தேனியில் இறங்கலாம். பருத்தி அரவை ஆலையில் இஞ்சின் பார்க்க ஆள் கேட்டார்கள். பத்து மணி நேர வேலை, நாளுக்குப் பன்னிரண்டணா. மதுரையில் முழு ரூபாய் வாங்கின திமிர் எனக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மேகமலைத் தேயிலை பேக்டரியில் மணிக்கு இரண்டணா தருகிறார்கள் என்று காப்பிக்கடையில் சொன்னார்கள். பத்து மணி நேரத்துக்கு ஒன்றேகால் ரூபாய்! அடேயப்பா, அப்போதே மனசுக்குள் குடித்தனம் வைத்துவிட்டேன்.

தேனியிலிருந்து சின்னமனூர் பதினான்கு மைல், பஸ்ஸுக்கு நாலணா. அதற்கு மேல் நடைதான். விடியுமுன் கிளம்புங்கள், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே யாராவது வந்தால் நின்று பேசிவிடுங்கள். எனக்கு இரண்டு பொதிமாட்டுக்காரர்கள் தவிர வேறு யாரும் வரவில்லை. பாதி மலையில் என் குரலைக் கேட்பதற்காகவே நான் சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தேன்.

பேக்டரியில் கேட்ட உடனே வேலை கொடுத்தார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இஞ்சின் அறையில் கூட்டாளி பண்ணைப்புரத்துக் கருப்பையா, என் வயதுதான் இருக்கும். மறுநாள் விடிந்ததிலிருந்து இஞ்சின் பக்கத்திலேயே நின்றேன். இலை வந்து, வாடி, உருட்டும் மெஷினுக்குப் போவதற்குள் மதியம் சாய்ந்துவிட்டது. சாயங்காலம் கணக்குப்பிள்ளை எனக்கு மூன்று மணி நேரம் என்று போட்டார்.

"என்னய்யா இது அநியாயம்! விடிஞ்சதுல இருந்து இங்கனதான நிக்கிறேன்?" என்று கத்தினேன்.

கருப்பையா சிரித்துவிட்டார். "இஞ்சின் ஓடுனாத்தாண்ணே மணி. இந்த வெயிலுக்கு எல எங்க வருது? மழ எறங்கட்டும், ராப்பகலா ஓடும்."

"அதுவரைக்கும்?"

"காத்துக் கெடக்க வேண்டியதுதான். ஒத்த ஆளுக நமக்கு அப்படி என்ன செலவு?"

ஒத்த ஆள் என்று அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். செல்லம்மா காத்திருப்பது அவருக்குத் தெரியாது. ஆறணாவுக்காகவா இந்த மலையேறி வந்தேன்? வார முடிவில் சொல்லிக்கொண்டு இறங்கினேன். தேனி ஆலைக்குப் போய், ரோஷத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, பன்னிரண்டணாவுக்குச் சம்மதித்தேன்.

அன்று மாலையே மாமனார் ஊருக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் செல்லம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்துவிட்டாள்.

"பன்னெண்டணா தெனமும் உண்டா மாப்ள?" என்றார் மாமனார்.

"தெனமும் உண்டு மாமா."

"பருத்தி முடிஞ்சு ஆலய அடைச்சா எங்கன போவீக?"

மலையில் பட்டும் புத்தி வரவில்லை, அதை நான் கேட்காமலே வந்திருந்தேன். ஆடியில் தேனி ஆலையை அடைப்பார்கள் என்று மாமனாரே சொன்னார். அப்போது மலையில் மழை இறங்கியிருக்கும், கருப்பையாவோடு இஞ்சின் பார்க்கலாம். ஆக வருஷம் முழுக்க எனக்கு வேலை உண்டு, குடித்தனம் வைக்கத்தான் நிலையான இடம் இல்லை.

"எங்கன போனாலும் நானும் வாரேன்" என்றாள் செல்லம்மா. "நீ இங்கனயே இரு" என்று நானேதான் சொன்னேன்.

இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நாளுக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். ஆலைக்குப் பின்னால் மாதம் ஒரு ரூபாய்க்கு ஒற்றை அறை கிடைக்கும். அங்கேதான் இருக்கிறேன். வேலை நாளில் இஞ்சின் சத்தத்தில் எதுவும் தெரியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை. சமைத்த சோறு இரண்டு பேருக்குக் காணும்.