சாக்கில் சுற்றிய புது டயர்

போடியிலிருந்து மலையேறும் வேன் அடிவாரத்து முந்தலில் டீக்கு நிற்கிறது. நான் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன். மற்ற பத்துப் பேரும் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். தூறல் விழுகிறது. இதற்கு மேல் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள்.

இறங்கி முன் டயரைப் பார்க்கிறேன். என் உள்ளங்கையில்கூட அதைவிட அதிகக் கோடு இருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. வழியெல்லாம் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்க, டிரைவர் முரட்டு மாட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வந்தது இதனால்தான்.

வேற்று ஆளிடம் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

"வேற டயரு இல்லையா அப்பு?"

"இருக்கே ஆத்தா! புத்தம் புதுசு." பின் சீட்டுக்கு அடியில் சாக்கை விலக்கிக் காட்டுகிறான். மண்ணே படாத டயர்.

"பெறகு மாட்டுறதுக்கென்ன?"

"மலையில ஓட்டுனா வெரசாத் தேஞ்சு போகும்ல?"

பிறகு எதற்கு வாங்கினான், கொலுவில் வைக்கவா? பதினோரு பேர் பள்ளத்தில் உருண்டாலும் டயர் தேயக் கூடாது. என்ன கெட்டிக்காரத்தனம்!

"அப்ப நீ போ. நான் பஸ்சுல வர்றேன்" என்கிறேன். என் பையை இறக்கிக்கொள்கிறேன்.

"ஆத்தா சொல்றது சரிதேன். டயர மட்டும் பத்திரமாக் கூட்டிட்டுப் போண்ணே" என்று ஒரு பெண் சிரித்தபடி இறங்குகிறாள். மற்றவர்களும் இறங்கிவிடுகிறார்கள்.

முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கி வைத்துப் புது டயரை மாட்டுகிறான். கழற்றிய வழுக்கையைத் தூர எறிவான் என்று பார்த்தால், சாக்கில் பதனமாகச் சுற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளுகிறான்.

"அவசரத்துக்கு ஒதவும்ல ஆத்தா."