டீச்சராக ஆறு வருஷம்

படிப்பிக்கிறது ஒரு வேலை, ஆசிரியராகிறது இன்னொரு வேலை. இரண்டாவதுக்குத்தான் கூட மினக்கெட வேண்டும்.

தொண்டர் ஆசிரியர் என்ற பெயரில் நிரந்தர நியமனம் இல்லாமல் வருஷக்கணக்காகக் கையெழுத்து வைத்துவிட்டு, கல்விக் கந்தோர் வாசலில் போட்டோப் பிரதிக் கட்டோடு நின்றவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. "எனக்கும் இதுதானே நடந்தது" என்று தலையாட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் குடும்பம் மன்னார்ப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து எங்களையும் இயக்கம் வெளியேற்றியபோது எனக்கு மூன்று வயது. கற்பிட்டி ரோட்டோரத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே ஏ.எல். வரைக்கும் படித்தேன். கெம்பஸ் போகப் புள்ளி காணாது. யுத்தம் முடிந்த வருஷம் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

கதிரை

குறிஞ்சிப்பிட்டிக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு உம்மாவோடு போனேன். அதிபர் உடப்பைச் சேர்ந்தவர், கந்தசாமி சேர். என் பெறுபேற்றுத் தாளை ஒருமுறை பார்த்தார். "பிள்ளைகளுக்கு அடிப்பீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நாளைக்கு வாரும்" என்றார். என் முதல் நேர்முகம் அவ்வளவுதான்.

நியமன ஆசிரியர்களின் கதிரைகளில் பின்பக்கம் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதியிருந்தது. தொண்டருக்கு அப்படி ஒன்று கிடையாது. கையெழுத்து வைக்கிற புத்தகமும் வேறு. அதிபர் தனியாக ஒரு எண்பது பக்கக் கொப்பி வைத்திருந்தார். நான் நின்றபடியே படிப்பித்தேன். இரண்டாம் கிழமை, முன்வரிசையில் இருந்த சப்னா என்ற பிள்ளை ஏன் இருக்கிறதே இல்லை என்று கேட்டாள். நின்றால்தான் எல்லோரையும் பார்க்கலாம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை: "இல்ல டீச்சர், நியமனம் கெடச்சாத்தான் கதிர குடுப்பாங்கன்டு எங்கட உம்மா சொன்னாங்க."

சூடையும் சாளையும்

சுற்றாடல் பாடத்தில் மீன்கள். எனக்கு நல்ல சந்தோஷம், பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம், லேசாகப் போகும் என்று. பேப்பரில் வந்த படங்களை வெட்டி மட்டையில் ஒட்டிக்கொண்டு போனேன். முதல் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது சூடை" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மரியாதைக்காகப் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கடைசியில் ரிஸ்வான் எழும்பினான். அவனுடைய வாப்பா கரைவலைக்காரர். படத்தைக் கிட்ட வாங்கிப் பார்த்தான். வயிற்றுப் பக்கத்தைத் தொட்டுக் காட்டி, இது சாளை, சூடை இப்படி இருக்காது என்று விளக்கம் சொன்னான். இரண்டாம் படமும் பிழை. மூன்றாவதை நான் காட்டவில்லை. மட்டைகளை அவனிடமே கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தேன். பாடம் நன்றாகத்தான் போனது. மணி அடித்ததும் மட்டைகளைத் திருப்பித் தந்தவன் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், ஒங்கட வீட்டுல மீன் வாங்குறதா, ஆக்கின கறிதான் வாங்குறதா?"

இரண்டு ஊர்

நாலாம் வருஷம் மாகாணத்திலிருந்து அறிவித்தல் வந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் சேவை செய்த தொண்டர் ஆசிரியர்களை நேர்முகம் வைத்து நிரந்தரமாக எடுப்பார்களாம். ஒரு நிபந்தனை: இந்த மாகாணத்தில் வதிகிறவராக இருக்க வேண்டும், வாக்காளர் இடாப்பில் பெயர் இங்கே இருக்க வேண்டும்.

என் பெயர் இங்கே இல்லை. யுத்தம் முடிந்ததும் வாப்பா ஊருக்குப் போய்ப் பார்த்தார். எங்கள் வளவு காடாகிக் கிடந்தது. கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு நாள் எடுத்ததாம். ஆனாலும் போவதென்று முடிவெடுத்து, மீள்குடியேற்ற வீட்டுக்காகக் குடும்பம் முழுவதையும் அங்கேயே பதிந்துவிட்டார். அந்தப் பட்டியலில் ஆட்கள் கூடின குடும்பத்துக்குத்தான் முதலில் வீடு. நான் பெயரை வெட்டினால் எங்கள் குடும்பம் கீழே போகும். வெட்டாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

விஷயத்தைச் சொன்ன பிறகு வாப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. விடியப் புறப்பட்டு வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார், பின்னேரம் வருவார், சாப்பிடுவார், படுப்பார். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஊர் என்ற சொல்லை அந்த வளவுக்கு மட்டும்தான் பாவித்தார். கற்பிட்டியை "இந்த இடம்" என்றுதான் சொல்வார். அவருடைய பட்டியலில் இருந்து நான் கழன்று போகிறேன் என்பது எனக்கும் லேசாக இருக்கவில்லை. பதிவை மாற்றுகிற போமை நிரப்பினேன், கிழித்தேன், திரும்ப நிரப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் சேட்டைக் கழற்றாமல், "போமை எடு மகள்" என்றார். இரண்டு பேரும் கிராம சேவகரிடம் போனோம். அவர் ஒரு சிங்கள மனிதர், தமிழ் நன்றாகக் கதைப்பார். எதற்காக இந்த மாற்றம் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் வாப்பா பதில் சொன்னார்: "ஊருக்கு ஆளும் வேணும், பிள்ளைக்கு வேலையும் வேணும் மாத்தயா. ரெண்டையும் ஒரு போமில எழுத இடமில்ல."

ஒரு நாள்

பதிவு சரி, அடுத்தது சேவைக்கு அத்தாட்சி. நாங்கள் கையெழுத்து வைத்த எண்பது பக்கக் கொப்பிகளை அலுமாரியில் தேடினால், முதல் இரண்டு வருஷத்துக் கொப்பியைக் கறையான் தின்று மண்ணாக்கியிருந்தது. புது அதிபர் நல்லவர்தான். ஆனால் தான் வர முதல் நடந்ததற்குத் தன்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றார். அதுவும் நியாயம். நேர்முகத்துக்கு இன்னும் ஆறு நாள்.

கந்தசாமி சேர் பென்ஷன் எடுத்து உடப்பில் இருந்தார். பாலாவிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சிலாபம் பஸ், பிறகு ஓட்டோ. கோயில் திருவிழாக் காலம், ஊர் முழுக்கச் சோடனை. சேர் கடற்கரைக் கொட்டிலில் தம்பியாரோடு கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியை மேலே தள்ளி என்னைப் பார்த்து, "மூன்றாம் வகுப்பு" என்றார். என் பெயரை மறந்துவிட்டார், வகுப்பை மறக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிப் போய், பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு கடிதம் எழுதத் தொடங்கினார். எந்தத் தவணையில் என்ன படிப்பித்தேன், எந்த மாதம் யாருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்தேன் என்று எல்லாம் அதில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் பேனை நின்றது. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். என்ன சேர் என்று கேட்டேன். "ரெண்டு வருஷத்தில நீர் ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறீர் பிள்ளை. அதையும் எழுதத்தான் வேணும்."

ஐந்து நிமிஷப் பாடம்

நேர்முக மேசையில் மூன்று பேர்: நடுவில் ஒரு அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு சேர்மார். தங்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கடன் வாங்கிக் கழித்தல் படிப்பிக்கச் சொன்னார்கள். முதல் இலக்கத்திலேயே வெண்கட்டி முறிந்தது. நாற்பத்திரண்டில் பதினேழு போகும்போது, இடப்பக்கம் இருந்த நரைத்த சேர் கையைத் தூக்கி, "டீச்சர், வெளிய போகணும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "கணக்க முடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னேன் என்று உறைத்தது. அவர் கையை இறக்கினார்.

பிறகு பத்திரங்கள். அந்த அம்மா கந்தசாமி சேரின் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தார். கொப்பி எங்கே என்று கேட்டார். கறையான் கதையைச் சொன்னேன். அந்த மாதம் முழுக்கக் கறையான் கதையாகத்தான் கேட்டிருப்பார் போல, முகம் மாறவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். பிந்தின அன்றைக்கு என்ன நடந்தது என்றார். பஸ்ஸுக்கு டயர் போய்விட்டது, நடந்து வந்தேன் என்றேன். கடிதத்தை மற்ற இருவரிடமும் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இதையும் எழுதின மனுசன் மற்றதில பொய் எழுதியிருக்க மாட்டார்."

பேக்கின் பாரம்

நியமனக் கடிதம் வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் போனது. உம்மா அதைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். உச்சமுனைப் பக்கம், தீவில் என்றேன். கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

களப்பைத் தாண்டிப் போட்டில் போக வேண்டும். கடலோரத்தில் வளர்ந்தவள்தான், ஆனால் எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முதல் நாள் போட்டில் ஏறும்போதே அபாயா முழங்கால் வரைக்கும் நனைந்து, ஒரு செருப்பும் சேற்றோடு போய்விட்டது. போட்காரர் சலீம் நானா செருப்பை எடுத்துக் கழுவித் தந்தார். என் பேக்கைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், திரும்பவும் தூக்கிப் பார்த்தார்: "பெரிய பேக்கோட வந்த டீச்சர் ஆறு மாசத்துல மாத்தம் எடுத்துட்டுப் போனாங்க. சின்னப் பேக்கோட வந்த சேர் மூணு வருசம் இருந்தாரு. ஒங்கடது நடுத்தரமா இரிக்கி, எனக்குச் சொல்லத் தெரியல்ல."

கூட்டல்

அங்கே எனக்குக் கதிரை கிடைத்தது. இருக்கத்தான் நேரமில்லை, ஒரே அறையில் மூன்று வகுப்பு. பருவத்துக்குச் சிலாபம் பக்கமிருந்து மீன்பிடிக் குடும்பங்கள் வந்து ஓலைக் கொட்டிலாய் வாடி போட்டுத் தங்கும். பிள்ளைகளும் கூடவே வருவார்கள், காற்றுத் திரும்பினதும் போய்விடுவார்கள். இடாப்பில் பெயர் எழுதுவதும் வெட்டுவதுமாகவே இருப்பேன்.

நிரோஷா அப்படி வந்தவள். வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார்கள். சிலாபம் பக்கம் அவள் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாமல் வந்தவள், நாலு மாதத்தில் தன் பெயரை எழுதி, தாயின் பெயரை எழுதி, சலீம் நானாவின் போட்டில் இருந்த பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாடி கழற்றுகிற நாளில் சொல்லிக்கொண்டு போக வந்தாள். மனதில் ஏதோ கணக்கு ஓடியது தெரிந்தது. "டீச்சர், அங்க சிங்களத்தில மூணாம் வகுப்பு, இங்க தமிழில மூணாம் வகுப்பு. அப்ப நான் ஆறாம் வகுப்புத்தானே?"

விடுமுறை

எங்கள் குடும்பத்துக்கு வீடு இரண்டாம் சுற்றில்தான் கிடைத்தது. என் பெயர் போனதால் இரண்டு வருஷம் பிந்தியது என்று கணக்குப் பார்த்தால் தெரியும். வாப்பா ஒருநாளும் அந்தக் கணக்கைச் சொன்னதில்லை. அவரும் உம்மாவும் தம்பியும் ஊருக்குப் போனார்கள். நான் கற்பிட்டியில், கலியாணம் முடித்து அங்கேயே இருந்த என் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். எனக்கு அந்த இடம் ஒன்றும் ஞாபகம் இல்லை. புதுக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, கூரை புதிது, கதிரைகள் கூடப் புதிது. ஆசிரியர்தான் காணாது. நான் வந்து இரண்டாம் நாளே ஐந்து தாய்மார் பிள்ளைகளோடு எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மாற்றம் எடுத்து இங்கேயே வரலாமே என்றார்கள். வேறு மாகாணம், எனக்குப் பதிலாக அந்தத் தீவுக்குப் போக ஒருவர் முன்வந்தால்தான் விடுவார்கள் என்று விளக்கினேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கியதில்லை. ஒன்பது நாள், காலையில் இரண்டு மணித்தியாலம், எங்கள் கிணற்றடியில் பாய் விரித்துப் படிப்பித்தேன். வாப்பா வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கடன் வாங்கிக் கழித்தலை அவரும் கூடவே படித்தார் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் ஒரு சின்னப் பிள்ளை, டீச்சர் எந்த ஊர் என்று கேட்டது. நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். வேலிப் பக்கமிருந்து வாப்பாதான் சொன்னார்: "இந்த ஊர்தான் பிள்ளை. வேலைக்கு மட்டும் அங்கால போறா."

ஆசிரியராகிறது எப்படி என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் படிப்பிக்கத் தொடங்குங்கள், நியமனம் பின்னால் வரும், ஆனால் உங்கள் வீட்டுப் பக்கத்துக்கு மட்டும் வராது.