அடிக்கு ஒரு நூல்

அக்கா இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தபோது, ஒரு மாதம் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டுக் கூடத்தில் யாரும் நிம்மதியாக நடக்கவில்லை. தரை முழுக்க அவள் தேர்வுக்காகச் செய்த இயந்திரம். ஒரு கோலியை விட்டால் அது உருண்டு போய் நிறுத்தி வைத்த கட்டைகளைத் தள்ளும், கட்டைகள் வரிசையாகச் சாய்ந்து டம்ளரைக் கவிழ்க்கும், தண்ணீர் நிறைந்த தட்டு இறங்கிப் பல்பின் சுவிட்சை அழுத்தும். கையால் போடுகிற சுவிட்சுக்கு இத்தனை பாடா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எட்டு வயதான எனக்கோ ஒவ்வொரு முறையும் மூச்சே நின்றுவிடும்.

தேர்வு நாளன்று அப்பா கொத்து வேலைக்குப் போகாமல், ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு, இயந்திரத்தின் பலகைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் காலாப்பட்டுப் பக்கமுள்ள கல்லூரிக்குக் கொண்டுபோனார். அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன்.

இயந்திரம் ஓடாவிட்டால் அந்த வருஷம் பட்டம் கிடையாது. அக்கா கோலியை விட்டாள். அது அசையவில்லை. லேசாகத் தட்டினாள். ஒரு சாண் போய் நின்றுவிட்டது. வீட்டில் ஒருநாளும் சண்டித்தனம் பண்ணாத கோலி! அக்காவின் முகம் வெளுத்துப்போனது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் தருவதாகச் சொன்னார்.

கதவோரம் என்னோடு நின்றிருந்த அப்பா உள்ளே போனார். குந்தி உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவினார். அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நம்ம வூட்டுல கழுவுற தண்ணி வெளிய ஓடணும்னு வாட்டம் வுட்டிருக்கேன் பாப்பா. அடிக்கு ஒரு நூலு சரியும். இங்க மட்டமா இருக்குது."

நூல் என்பது கொத்து வேலைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அக்கா தோழிகளின் நோட்டுகளை வாங்கி வாங்கிக் கொடுத்தாள். அப்பா பலகையை விரலால் நெம்பி, இங்கே ஒன்று அங்கே இரண்டு என்று கண்ணளவிலேயே சொருகினார். ஒரு கட்டைகூட விழவில்லை. நான் மாதாவை வேண்டிக்கொண்டே இருந்தேன்.

கோலி உருண்டது. கட்டைகள் சடசடவென்று சாய்ந்தன, டம்ளர் கவிழ்ந்தது, தட்டு இறங்கியது. எரிந்தது என்னவோ ஜீரோ வாட்ஸ் பல்புதான். எங்கள் அக்காவா இதைச் செய்தாள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

தேர்வாளர் எழுந்து வந்து அப்பாவிடம், "சார் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா கூசிப்போய் நின்றார். அக்கா முந்திக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி, "எங்க அப்பா சார். கொத்தனார்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். பெரிய வாத்தியார் என்றே நினைத்துவிட்டுப் போகட்டுமே, இவள் ஏன் காரியத்தைக் கெடுக்கிறாள் என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். நான்கு வருஷமாக அந்தக் கல்லூரியில் அப்பாவின் தொழிலைப் பற்றி வாயே திறக்காதவள் அவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.