கனகசபை வாழ்ந்த வீட்டுச் சுவரில் ஒரு பலகை

கிள்ளான் பாசாரில் நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. நம் கட்டடக் கலைஞர் கனகசபை போய்விட்டார். பெட்டாலிங் ஜெயாவில் அவருடைய அலுவலகத்தில் இருபது வருடம் வரைபடம் போட்டவள் நான். நண்டை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவருடைய உயரமான கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். எனக்கு வருவது கம்போங் மேடானில் ஒரு படிக்கட்டு. அங்கே அவர் வடிவமைத்த அடுக்குமாடியில் குடியிருந்த நம் பழைய கொத்தனார் இறந்தபோது இருவரும் போயிருந்தோம். மூன்றாம் மாடியிலிருந்து சவப்பெட்டியை இறக்கும்போது, படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் அப்பாவைச் செங்குத்தாக நிமிர்த்தித்தான் கீழே கொண்டுவந்தார்கள்.

அந்தப் படியை வரைந்தவள் நான். ஆனால் பாஸ் கனகசபைதான் கொத்தனாரின் மனைவி முன்னால் கைகூப்பி, "படி என் தப்பும்மா, மன்னிச்சிடுங்க" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பும் வழியில்தான், "நாம கோடு போடுறோம், தூக்குறது அவங்க லா" என்றார். மறுநாள் கையிலிருந்த வரைபடங்கள் அத்தனையிலும் படியை அகலமாக்கினோம்.

பிரிக்பீல்ட்ஸில் அவர் வளர்ந்த வீட்டில் நினைவுப் பலகை வைக்க முடிவு செய்தோம் அல்லவா? வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது அந்த வீடு மல்லிகா அக்காவுடையது. கணவருக்குப் பக்கவாதம்.

"பலகை வேணாம்மா. அப்புறம் பழைய வீடு, சுவரை உடைக்காதேன்னு மாநகர் மன்றத்துலேருந்து வந்து நிப்பாங்க. இவரு வீல்சேர் பாத்ரூம் கதவுல நுழையவே மாட்டேங்குது. நான் உடைச்சே ஆகணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எவ்ளோ பெரிய மனுஷர் இருந்த வீடு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. பாஸ் இருந்திருந்தால் முதலில் அந்தக் கதவைத்தான் பார்த்திருப்பார். மூன்று நாள் கௌரவம் பார்த்தேன். நாலாம் நாள் போய் நின்றேன்.

"கத்தினது தப்பு அக்கா. பலகை கிடக்கட்டும், கதவைக் காட்டுங்க."

அளந்தேன், வரைந்து கொடுத்தேன். மாநகர் மன்றத்துக்கும் போய், நம் பலகையால் வீட்டை மாற்ற எந்தத் தடையும் வராது என்று எழுத்திலேயே வாங்கி வந்தேன். கதவு அகலமான பிறகும் பலகையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்காவே கூப்பிட்டார். "இவரு இப்ப தனியாவே பாத்ரூம் போயிட்டு வராரு. உங்க பாஸ் பலகையை எங்க மாட்டணும், வந்து சொல்லுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். திரையை விலக்கியவர் அக்காவின் கணவர். தானே வீல்சேரை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

பாஸின் திறமை எனக்கு வராது. தப்பு செய்த வாசலுக்கே திரும்பிப் போய் நிற்கிற துணிச்சலை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.