நாற்பதாவது நிமிடம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டாத இடங்களையும் விடமாட்டேன்.

பழுக்கத் தொடங்கிய இதரை வாழைக்குலையின் வாசம்... தரம் பத்தில் படித்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். நீர்வேலியில் எங்கள் வீட்டில் கணினிக்கென்று தனி அறை இல்லை. அப்பா தோட்டத்திலிருந்து வெட்டிவரும் வாழைக்குலைகளை அடுக்கும் அறையின் மூலையில்தான் அதுவும் இருந்தது.

எனக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இருந்தால்தான் எனக்கு அது கணினி. இல்லாவிட்டால் ஒரு சூடான பெட்டி.

என்னிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒரு திரைவாசிப்பான். வாங்குவதற்கு முன் பாவித்துப் பார்க்கத் தருகிற பதிப்பு. நாற்பது நிமிடம் வாசிக்கும். பிறகு வாயை மூடிவிடும். கணினியை நிறுத்தி மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம்.

கணினி மறுபடி எழும்பும் நேரத்தில் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவேன். ஒரு கட்டுரைக்கு இரண்டு பழம்... பெரிய கட்டுரை என்றால் மூன்று.

கணினியோடு கூடவே, காசில்லாமல், இன்னொரு திரைவாசிப்பானும் வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான். கண் தெரியாதவர்களுக்கான கணினிப் பயிற்சி வகுப்பில் மூத்த அக்காமார், "உது நல்லதை ஏத்தும் வரைக்கும் பாவிக்கிறதடி" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை ஒரு நாளும் திறந்து பார்க்காமலே.

அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு ஆசை. தமிழ் இலக்கியப் பரீட்சையில் என் விடையை நானே எழுதவேண்டும்.

அதுவரை நான் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர் எங்கள் விளையாட்டு ரீச்சர். மிகவும் அன்பானவர். ஆனால் நான் நீட்டிச் சொல்வதை அவர் சுருக்கிவிடுவார்.

"ரீச்சர், அதிலை 'ஆனாலும்' எண்டு சொன்னனான். எழுதினீங்களே?"

"உன்ரை வசனம் முடியிறதுக்குள்ள நான் கிரவுண்டை ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டு வந்திடுவன் பிள்ளை. கருத்து வந்திட்டுது, விடு."

எனக்குக் கருத்து மட்டும் போதாது. அந்த "ஆனாலும்" வேண்டும்.

கணினி படிப்பிக்கும் சேரிடம் போய், விடையைக் கணினியில் எழுதலாமா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடக் கொம்பியூட்டரிலை அடிக்கலாம். ஆனா வெளியிலையிருந்து ஒண்டும் ஏத்தேலாது பிள்ளை. பேப்பர் ரெண்டு மணித்தியாலம். இடையிலை நிண்டுதெண்டால் மிச்சத்தை ரீச்சர்தான் எழுதுவா. சம்மதமே?"

"ஓம் சேர்" என்று பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தேன். எதை வைத்து எழுதப்போகிறேன் என்று தெரியவில்லை. கணினிக்குள்ளேயே இருப்பதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை... அவ்வளவு இளக்காரம்.

அடுத்த சனிக்கிழமை நான் கிணற்றடியில் நின்றேன். நாற்பது நிமிடம் முடிந்து கணினி மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா விசைப்பலகையில் ஒட்டியிருந்த வாழைக்கறையைத் துடைக்கப் போனார்.

"பிள்ளை, ஓடி வா! உதுக்குள்ள ஆரோ கதைக்கினம்!"

"என்னத்தை அமத்தினீங்கள் அம்மா?"

"நான் ஒண்டும் அமத்தேல்லை. துடைச்சனான்."

நான் கேட்டுப் பழகாத குரல். அம்மாவின் துணி மூன்று விசைகளை ஒன்றாக அமத்தி, நான் சிரித்த அந்தத் திரைவாசிப்பானை எழுப்பிவிட்டிருந்தது. சந்தோஷம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

அதன் முன்னால் இருந்தேன். தேவையில்லாததையும் சேர்த்து அலட்டியது. விசைகளும் எனக்குப் பழக்கமில்லாதவை. ஆனால் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அது நிற்கவே இல்லை.

பிறகு இரண்டு கிழமை அதோடுதான் இருந்தேன். பள்ளிக்கூடக் கணினியிலும் அது இருந்தது. அதிலேயே கிடைக்கிற தமிழ்க் குரலை சேர் சேர்த்துத் தந்தார்.

பரீட்சையன்று ரீச்சர் பேனையோடு பக்கத்தில் இருந்தார். தொடக்கத்திலேயே பழைய பழக்கத்தில் வேறு விசையை அமத்திவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

"எழுதவோ பிள்ளை?" பேனை மூடியைக் கழற்றும் சத்தம்.

"வேண்டாம் ரீச்சர்."

அந்த மூன்று விசைகளையும் தேடிப் பிடித்தேன். குரல் வந்தது. எழுதத் தொடங்கினேன்.

நாற்பதாவது நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஒரு வசனத்தின் நடுவில் என் கைகள் தாமாகவே நின்றன. குரல் சாகப்போகிறது என்று காத்திருந்தேன்.

"என்ன பிள்ளை, நிண்டிட்டுதோ?"

கடைசியாய் அடித்த சொல்லை வாசிக்கச் சொன்னேன். "ஆனாலும்" என்றது, ஒன்றும் நடக்காத மாதிரி.

"இல்லை ரீச்சர்... நான்தான் நிண்டிட்டன்."

வசனத்தின் மிச்சத்தையும் எழுதினேன். அதற்கடுத்த வசனம் அதைவிட நீளம்.

முடிந்ததும் அச்சடித்த தாளை ரீச்சர் அங்கேயே நின்று வாசித்தார்.

"உதெல்லாத்தையும் முந்தியும் சொன்னனியோடி?"

"ஓம் ரீச்சர்."

"நான் வெட்டிப்போட்டன், என்ன?"

"கொஞ்சம்..."

"கொஞ்சமோ!" என்று சிரித்து என் தலையில் செல்லமாக ஒரு குட்டு.

இப்போது உயர்தரம் படிக்கிறேன். அந்தக் கட்டணத் திரைவாசிப்பானையும் கனடாவில் இருக்கும் சித்தி வாங்கித் தந்துவிட்டார். அட்டவணைகளை வாசிப்பதில் அது கெட்டிக்காரன், இன்றும் சொல்வேன். ஆனால் அது வீட்டில்தான் இருக்கும். மற்றது வாசிகசாலையிலும் இருக்கிறது, சிநேகிதியின் வீட்டிலும் இருக்கிறது. அப்போது உலகத்தில் ஒரு கணினிதான் என்னோடு கதைத்தது, அதுவும் நாற்பது நிமிடம். இப்போது எந்தக் கணினியின் முன் இருந்தாலும் மூன்று விசைகள் போதும்.

ஆனாலும், இன்றைக்கும் நாற்பதாவது நிமிடத்தில் கை நின்றுவிடுகிறது. போய் ஒரு பழம் எடுத்துக்கொண்டு வருவேன்.

இதை எழுதும்போதும் அம்மா குலைகளைப் பார்க்க வந்தார். "இன்னும் எழுதிறியோ?"

"முடியப்போகுதம்மா."

"ஆறுதலா எழுது. இந்தக் கதலிக்குலை நாளைக்குப் பழுத்திடும்."

சுவிச்சின் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.