எல்லை முடிவாகும் முன்னே போட்ட தெரு

நம் யேசுவடியான் அண்ணன் மறைந்த செய்தியை, பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர்தான் சொன்னார். “காலையிலயே போயிட்டாரு. நீங்க அறியலியா?” கையில் இருந்த பையோடு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் நம் சர்ச் தெரு எப்படி வந்தது என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள்.

மொழிவாரி மாநிலங்கள் பிரிவதற்கு முன், எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போய் லத்தியடி பட்டவர் அண்ணன். இருக்கிற இடத்திலேயே இருப்போம் என்றவன் நான். இருவரும் பஞ்சாயத்து உறுப்பினர்கள்.

சர்ச் தெருவில் அப்போது முழங்கால் அளவு சேறு. கல் பாவி ஓடை கட்டுவதற்கு, தெருவோரம் நிலம் உள்ளவர்கள் அதன் நீளத்துக்குத் தக்கபடி பங்கு கட்ட வேண்டும் என்று பஞ்சாயத்து தீர்மானித்தது. ஒருவரும் கட்டவில்லை. “நாளைக்கு நாம எந்த ராஜ்யமோ! இந்த சர்க்காருக்கு எதுக்குக் குடுக்கணும்?” என்றார்கள் அண்ணனின் ஆட்கள். “தமிழ்நாட்டுக்குப் போனாலும் போகுற தெருவுக்கு நாங்க எதுக்குக் குடுக்கணும்?” என்றார்கள் என் ஆட்கள்.

அந்த வருஷ மழையில், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனவர்கள் சேற்றில் சறுக்கி விழுந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம். மறுநாள் அண்ணன் தெருவுக்கு இடம்விட்டுத் தன் மதிலை இடித்தார். தன் பங்கையும் முதல் ஆளாகக் கட்டினார். “சர்க்காருக்க ஆளாயிட்டீராக்கும்?” என்று அவருடைய தோழர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அண்ணன் கோபப்படவில்லை. “எலே, நேத்து விழுந்தவள எந்த ராஜ்யம்னு கேட்டா தூக்கினே?” என்றார். அதன் பிறகுதான் ஒவ்வொரு வீடாகப் பங்கு கட்டத் தொடங்கியது.

முக்கு வீட்டு பாருக்குட்டியால் மட்டும் முடியவில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து விற்றுப் பிழைத்த விதவை அவள். இரண்டு பக்கமும் தெரு என்பதால் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பங்கு அவளுக்கு. கூட்டத்துக்கு வந்து, “ஞான் எவிடெந்நு கொடுக்கும்?” என்று கையை விரித்து மலையாளத்தில் அழுதாள். தீர்மானத்தை மாற்ற முடியாது என்று தலைவர் சொன்னார். அண்ணன் எழுந்தார். “மண்ணு நீளமா கெடக்குண்ணா அடுப்பு நீளமா எரியுமா? தெரு வளைவுக்கு அவ எடத்துல கொஞ்சம் நமக்கு வேணும் இல்லியா? அத எடுத்துக்கிட்டு பங்க விட்டிருங்க.” என் கை தானாக உயர்ந்தது. மற்ற கைகளும் உயர்ந்தன.

பிறகு எல்லை முடிவானது. நம் ஊர் கேரளத்தோடு நின்றது. என் ஆட்கள் வெடி வெடித்தார்கள். எனக்கோ அண்ணனை எப்படிப் பார்ப்பது என்ற தவிப்பு. மறுநாள் காலையில் என் வாசலில் மண்வெட்டியோடு அவர் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. “தாணு, ஓடை அடைஞ்சு கெடக்கு. வாரும்.”

பாதி ஓடையை வாரி முடித்தபோது, “அண்ணே, வருத்தம்…” என்று இழுத்தேன்.

“உண்டு. சாவது வரைக்கும் இருக்கும். அதுக்காவ உம்ம விட முடியுமா?” என்று சொல்லிவிட்டுக் குனிந்து மண்ணை வாரினார்.

அதற்குப் பின் வந்த எத்தனையோ சண்டைகளில் நான் எதிராளியின் வாசலுக்கு முதலில் போனதற்குக் காரணம் அந்த ஒரு காலைப்பொழுதுதான். எனக்கு அவர் விட்டுப்போனது அது. அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகும் அவர் மகன் கல்லறையருகே தனியாக நின்றிருந்தான். என் மகனோடு பேசாமல் பல வருஷமாகப் பகை கொண்டிருப்பவன். அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“வா மக்கா,” என்றேன். வந்தான்.